கேம் நன்றாக ஓடும் லேப்டாப்பில் விஆர் மட்டும் ஏன் திணறுகிறது? தலை சுற்றுவது என் உடம்பின் குறையா?

கேட்டவர் தந்த விவரம்: கோலாலம்பூரில் படிக்கிறார். ஐ5, 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். நண்பரிடம் இரவல் வாங்கிய குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செட்டை (கண்ணில் மாட்டி மெய்நிகர் உலகைப் பார்க்கும் கருவி) கேபிளில் இணைத்து ஆடியதும் குமட்டல். குவெஸ்ட் 3 வாங்கினால் சரியாகுமா என்கிறார்.

முதலில், உங்கள் உடம்பைக் குறை சொல்லாதீர்கள். செந்தூல் பக்கம் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறேன். “எனக்கு விஆர் ஒத்துக்காது அண்ணே, இதை வித்துக் குடுங்க” என்று ஹெட்செட்டோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரைச் சரி செய்தாலே போதும்.

தலையைத் திருப்பியதும் உள்காது அதை உணர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் படமும் கூடவே திரும்ப வேண்டும். தலை அசைந்து 20 மில்லிசெகண்டுக்குள் படம் மாறிவிட வேண்டும் என்பது இந்தத் துறையில் பல வருடமாகப் புழங்கும் அளவு. அதைத் தாண்டினால் காது ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும், வயிறு புரட்டும்.

90 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 90 ஃபிரேம் (படம்) காட்டும் ஹெட்செட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட். உங்கள் ஜிபியு (படம் வரையும் கிராஃபிக்ஸ் சிப்) 12 மில்லிசெகண்ட் எடுத்தால் ஒரு மில்லிசெகண்ட்தானே என்று விட முடியாது. கதவு மூடிய பிறகு பிளாட்ஃபாரத்துக்கு வந்தவர் அடுத்த எல்ஆர்டி ரயிலுக்குக் காத்திருப்பதுபோல, அந்த ஃபிரேம் அடுத்த முறைக்குத்தான் போகும். மானிட்டரில் 60 ஃபிரேம் 50 ஆனால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். விஆரில் அப்படி இல்லை. ஆகவே சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மிக மெதுவாக வந்த ஃபிரேம்தான் குமட்டலைக் கொண்டுவருகிறது. கம்ப்யூட்டரில் விஆர் கேம்களை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில் ஃபிரேம் நேரத்தைக் காட்டும் வரைபடம் உண்டு, அதைத் திறந்து பாருங்கள்.

சுமை எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 1920×1080 மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல். குவெஸ்ட் 2 திரை கண்ணுக்கு 1832×1920; 90 ஹெர்ட்ஸில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 63 கோடி. குவெஸ்ட் 3-இல் கண்ணுக்கு 2064×2208, அதாவது 82 கோடி. லென்ஸ் வளைப்பதைச் சரிக்கட்டத் திரையைவிடப் பெரிய படமாக வரைவதும் உண்டு, அது இதற்கு மேல். ஆக, அதே லேப்டாப்பில் குவெஸ்ட் 3-ஐ முழு ரெசல்யூஷனில் மாட்டினால் இப்போதைவிட மோசமாகத்தான் ஓடும். கேபிள் வழியே போகும் படத்தைச் சுருக்கி அனுப்பி, ஹெட்செட்டில் விரிக்கவும் தனியாக நேரம் பிடிக்கும்.

ஜிடிஎக்ஸ் 1650, குவெஸ்ட் செய்யும் மெட்டாவின் லிங்க் (ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வசதி) ஆதரவுப் பட்டியலிலேயே ‘ஆதரவு இல்லை’ என்றிருந்த கார்டு. 2020-இல் வந்த ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் என்ற விஆர் கேம் குறைந்தபட்சமாகக் கேட்பதே 12 ஜிபி ரேமும் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-உம். கார்டின் 4 ஜிபி நிரம்பிவிட்டால் மீதி டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) சாதாரண ரேமுக்குப் போகும்; தலையைத் திருப்பும்போது திடீரென்று ‘டக்’கென்று நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

வினாடிக்கு 45 ஃபிரேமை மட்டும் வரைந்து நடுவில் 45-ஐ ஊகித்து நிரப்பும் ஸ்பேஸ்வார்ப் வித்தை 2016-இலேயே வந்துவிட்டது. மெதுவான கேமுக்கு நன்றாக உதவும். கையை வேகமாக வீசும் கேமில் கையின் ஓரம் குழம்பியதுபோல் நெளியும். எனக்கு அதில் பத்து நிமிடம் தாங்காது.

நம் ஊர் வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஏர்கான் இல்லாத அறையில் லேப்டாப் சூடேறிச் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறினால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். சார்ஜர் மாட்டியே ஆடுங்கள், அடியில் காற்றோட்டம் விடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், ஃபிரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். பிறகு ரெசல்யூஷனைப் பாதியாக்குங்கள். திணறல் குறைந்தால் தடை ஜிபியுவில். கொஞ்சமும் மாறாவிட்டால் சிபியுவையோ ரேமையோ பாருங்கள். வைஃபையில் ஆடுவதாக இருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்குக் கேபிள் போடுங்கள், ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸில் அதே அறையில் வையுங்கள். இன்டர்நெட் பேக்கேஜை ஏற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்; படம் உங்கள் வீட்டுக்குள்ளேதான் பயணிக்கிறது.

உடம்பைச் சோதிக்க வேறு வழி உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டு, ஹெட்செட்டிலேயே ஓடும் கேம் ஒன்றை, நின்ற இடத்திலேயே ஆடுவதாகப் பார்த்து ஆடுங்கள். அதில் குமட்டவில்லை என்றால் நீங்கள் நலம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளி நடக்கும் கேம்களில் எவ்வளவு நல்ல மெஷினிலும் சிலருக்குக் குமட்டும், அது வேறு விஷயம்.

அந்தச் சோதனையில் தேறினால் குவெஸ்ட் 3-ஐத் தாராளமாக வாங்கலாம், ஆனால் தனித்து ஆட. தனித்து ஆடும் கேம்கள் ஹெட்செட்டின் சொந்தச் சிப்புக்கென்றே அளந்து செய்தவை. பிசி விஆர் (கம்ப்யூட்டரில் ஓடும் விஆர்)தான் வேண்டுமென்றால் முதலில் கம்ப்யூட்டருக்குக் காசு சேருங்கள்; மேசைக் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் நல்லது. லேப்டாப்தான் என்று லோ யாட் பிளாசாவுக்குப் போனால், ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராஃபிக்ஸ் கார்டின் பெயரோடு நிற்காமல் “இது எத்தனை வாட்?” என்று கேளுங்கள். அதே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விடுகிறார்கள்; வாட் குறைந்தால் வேகமும் குறையும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.