பசப்பும் பாசியும்

கேள்வி: யாராவது தேனாகப் பேசிவிட்டுப் போனால், எங்க ஆச்சி 'சரியான பசப்பு' என்பாள். திருக்குறளில் பசப்பு என்றால் பிரிவில் தலைவியின் மேனி வெளிறுவது என்று படித்தேன். இரண்டும் ஒரே சொல்லா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒரே குடும்பம் என்பதுதான் என் கட்சி. பசுமை, பச்சை, பாசி, பசலை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. பசத்தல் என்றால் நிறம் மாறுவது. குறளில் 119-ஆம் அதிகாரமே 'பசப்புறு பருவரல்' தான். விளக்கு எப்போது அணையும் என்று இருட்டு காத்திருக்கிற மாதிரி, அவன் அணைப்பு எப்போது விலகும் என்று பசப்பு காத்திருக்கிறது என்று அதில் ஒரு குறள் (1186).

சரி, நிறம் எப்படிப் பேச்சானது? குறுந்தொகை 399-இல் பரணர் பசலையை, அதாவது இதே பசப்பை, ஊர்க் கேணியின் பாசி என்கிறார், காதலன் தொட்ட இடத்தில் விலகும், கையை எடுத்தால் பழையபடி பரவும். குறுக்குத்துறையில் குளித்தவர்களுக்குப் பாசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணியில் தண்ணீர் இறங்கியதும் கீழ்ப்படி பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருக்கும், ஆசையாகக் காலை வைத்தால் சொம்பு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். பசப்புப் பேச்சும் அதே பச்சைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அகராதிகள் இன்முகம் காட்டி ஏய்ப்பது என்று பொருள் சொல்லும், பாசிக் கணக்கு என்னுடையது.

சவடால் வேறு. அதில் ஆள் தன்னைப் பெரிதாகக் காட்டுவான், பசப்பில் உங்களைத் தூக்கி வைப்பான். எனக்கு ஒரு சின்னையா உண்டு. கல்யாண வீட்டில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை வாயோடு, 'ஏல, ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன், நாளைக்குக் காலையில வீட்டுக்கே வாரேன்' என்றார். காலையில் இட்லி அவித்து வைத்துக் காத்திருந்தோம், ஆள் வரவில்லை. அடுத்த கல்யாணத்திலும் அதே கை, அதே பிடி!

அப்புறம் ஒன்று. பசப்புக்காரி என்று பெண்ணைத்தான் நம் ஊரில் சட்டென்று சொல்லிவிடுகிறோம். குறளில் பசந்தது அவள்; 'பயப்படாதே, இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனது அவன். அந்தச் சொல்லை நம்பினவள் மேல் என்ன தப்பு என்றும் குறளே கேட்கிறது (1154). உங்கள் ஆச்சி யாரைப் பசப்பு என்கிறாள் என்று எழுதவில்லையே, ஆம்பளைகளும் அதில் உண்டா?