பன்னிரண்டு வருடம் நின்ற பீட்டில்: முதலில் அடித்தகடு, அப்புறம்தான் சாவி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய 1974 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எங்கள் வீட்டு கராஜில் 12 வருடமாக நிற்கிறது. அவர் தவறிய பிறகு யாரும் தொடவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டயர் பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வந்து வடிந்தது. அம்மா விற்க விடமாட்டேன் என்கிறார். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு இதில்தான் போகவேண்டுமாம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதா, முதலில் பெயிண்டுக்கு விடுவதா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம், தம்பி. அந்தப் புது பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவியைத் திருப்ப உங்கள் கை அரிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ஃபோல்க்ஸியில் (பீட்டிலை இங்கே அப்படித்தானே கூப்பிடுகிறோம்) எஞ்சின்தான் சுலபமான பகுதி. கியர் பெட்டியோடு அதைப் பிடித்திருப்பது நாலே போல்ட். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு காலை நேரத்தில் இறக்கிவிடலாம். இந்த வண்டி பிழைக்குமா என்பதைச் சொல்லப்போவது அடித்தகடு.

பின் இருக்கையைத் தூக்குங்கள். வலது பக்கம் பேட்டரி உட்காரும் இடம் தெரியும். பழைய பேட்டரியின் ஆசிட் சிந்திச் சிந்தி முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். பாயையும் தார் அட்டையையும் உரித்துவிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரால் அடித்தகடு முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் நல்லது. ‘சொத்’ என்று உள்ளே போனால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். குத்தப் பயப்படாதீர்கள், ஸ்க்ரூடிரைவருக்கே ஓட்டையாகும் தகடு ஆளைத் தாங்காது.

அடுத்து கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் குழாய்கள். எஞ்சின் சூட்டை முன்கண்ணாடிக்குக் கொண்டுபோகும் வெறும் காற்றுக்குழாய் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். வண்டியின் உடம்பையும் அடித்தகட்டையும் சேர்த்து விறைப்பாக வைத்திருப்பதே அதுதான். வெள்ளத் தண்ணீர் உள்ளே போனால் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன். கதவை மூடி அதைச் சுற்றியுள்ள இடுக்கைப் பாருங்கள். பிறகு ஜாக்கியால் அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். இடுக்கு மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ குழாய் போய்விட்டது.

போயிருந்தால், வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் ஒரு பச்சை வண்டிக்கு இரண்டு பக்கக் குழாயையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன், தாங்கு கம்பி எதுவும் போடாமல். புதுசைப் பற்றவைத்து முடித்தபோது உடம்பு தொய்ந்து, இரண்டு கதவுமே மூடவில்லை. திரும்ப எல்லாவற்றையும் அறுத்தேன். உங்களுக்கு வெல்டிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. அழுக்கு எடுப்பது, கழற்றுவது, துருவைச் சுரண்டுவது எல்லாம் உங்கள் வேலை. அதுதான் கூலியில் பெரும்பங்கு. பற்றவைக்க மட்டும் தெரிந்தவரை வரவழையுங்கள். அவர் வருவதற்குள் பெட்ரோல் டாங்க்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். டாங்க் முன் மூடிக்குக் கீழேதான் இருக்கிறது. காலி டாங்க் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவி.

கராஜில் வேலை செய்யும்போது வண்டியை ஜாக்கி மேல் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் அன்றைக்கு அடியில் வேலை இல்லை. செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

அடித்தகட்டுக்குப் பிறகு பிரேக். எஞ்சின் ஓடாத வண்டி வாசலில் சும்மா நிற்கும். எஞ்சின் ஓடி பிரேக் இல்லாத வண்டி சாட்ஸ்வர்த் இறக்கத்தில் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாதி. 12 வருட டர்பன் புழுக்கத்தில் பிரேக் சிலிண்டர்களுக்குள் துரு கட்டியிருக்கும். ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது மிதித்த பிரேக் விடாது. நாலு சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின் டிரம்மைப் பிடித்திருப்பது 36 மில்லிமீட்டர் நட்டு. சும்மா கழராது, சாக்கெட் பிடியில் நீளமான குழாய் மாட்டி, டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது சுமார் 300 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். அந்த சாக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், ஃப்ளைவீல் நட்டுக்கும் அதே அளவுதான்.

சரி, இப்போது எஞ்சின். வெள்ளம் ஏன் என்னைப் பயமுறுத்துகிறது என்று சொல்கிறேன். இந்த எஞ்சினில் கிராங்க் புல்லி, அதாவது பெல்ட்டை ஓட்டும் சக்கரம், இருக்கும் பக்கம் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பியனுப்பும் ஒரு மரைதான் உண்டு, அதுவும் சுற்றினால்தான் வேலை செய்யும். பாதி டயர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட அந்த மட்டம் வரை வரும், எனவே உள்ளே இறங்கியிருக்கலாம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நிற்கும்; ஸ்டார்ட் பண்ணினால் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஆகவே பழைய எண்ணெயை ஒரு கண்ணாடி ஜாடியில் வடியுங்கள். முதலில் தண்ணீரோ, பால் கலந்த டீ மாதிரி ஒன்றோ வந்தால் எஞ்சினைப் பிரிக்காமல் வழியில்லை. சுத்தமான கறுப்பு எண்ணெய் மட்டும் வந்தால் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடியில் உள்ள எண்ணெய் வடிகட்டும் வலையைக் கழுவிப் பூட்டி, இரண்டரை லிட்டர் புது எண்ணெய் ஊற்றுங்கள். வலையின் மூடியைப் பிடிக்கும் சின்ன நட்டுகளை விரலால் இறுக்கிய பிறகு ஒரு நெட்டு, அவ்வளவே. பலம் காட்டினால் ஸ்டட் கையோடு வந்துவிடும். கியர் எண்ணெயையும் இதே மாதிரி வடித்துப் பாருங்கள்.

பிறகு நாலு பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் 30 மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால் வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டருக்கு வையுங்கள். சுற்றாவிட்டால் பலவந்தம் வேண்டாம், இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

பெட்ரோல் குழாய்களை ஒன்று விடாமல் மாற்றுங்கள். ஃபோல்க்ஸிகள் தீப்பிடிப்பதற்குப் பெரும் காரணம் வெடித்த பெட்ரோல் குழாய். கார்புரேட்டரில் குழாய் மாட்டும் பித்தளை மூக்கு ஆடுகிறதா என்றும் பாருங்கள். அது கழன்று விழுந்தால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் கொட்டும். எஞ்சின் பெட்டி மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். முதல் ஸ்டார்ட்டின்போது தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேட்டரி முனைகளுக்கு மூடி போடாமல் பின் இருக்கையை வைக்காதீர்கள். குண்டான மாமா ஒருவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் முனையைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் ஓரத்தையும் அழகு பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். காற்றால் குளிரும் எஞ்சினில் கீழேயுள்ள சூடு மேலே ஏறாமல் தடுப்பவை அவைதான்.

பாகம் கிடைக்குமா என்று கவலை வேண்டாம். இந்த வண்டியை இந்த நாட்டிலேயே யூட்டன்ஹேக் ஆலையில் 1951-லிருந்து 1979 வரை செய்தார்கள், மெக்சிகோவில் 2003 வரை செய்தார்கள். புதுப் பாகமும் ஸ்க்ராப் யார்ட் பாகமும் தாராளம். காகிதம்தான் பாகத்தைவிடக் கஷ்டம். வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால் சொத்து நிர்வாகியின் கடிதம் வேண்டும், வருடாந்திர லைசென்ஸ் பாக்கியும் அபராதமும் ஏறியிருக்கும், பெயர் மாற்ற, வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையும் வேண்டும். பணம் செலவழிக்கும் முன் பாக்கி எவ்வளவு என்று கேட்டு வாருங்கள். பின் இருக்கைக்கடியில் அடித்தகட்டின் நடு முதுகில் அடித்திருக்கும் சேஸி எண்ணும், ஜெனரேட்டர் தாங்கிக்குக் கீழே உள்ள எஞ்சின் எண்ணும் காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

எந்த ஈஸ்டர் என்று அம்மா சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று. வார இறுதிகளில் மட்டும் செய்தால் ஒரு வருடத்துக்குக் குறையாது.

பெயிண்ட் கடைசி. அதற்கு முன் காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுவதும் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ பட்டி அப்பியிருக்கிறார்கள். அதைச் சுரண்டித் தகடாக்காமல் மேலே பூசினால் இரண்டு மழைக்காலத்தில் குமிழ் விடும். நிறம் தேர்ந்தெடுக்க அட்டை பார்க்க வேண்டாம். பெட்ரோல் டாங்க்கை எடுத்த இடத்தில், வெயிலே படாத மூலையில், ஆலையில் பூசிய நிறம் இன்னும் இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள்.