ராஜா பிறகு வரலாமா?

அன்புள்ள ஐயா,

பசுமலையிலிருந்து எழுதுகிறேன். பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும்போது அழுகை தானாக வந்துவிடுகிறது. இயேசு எனக்காகப் பாடுபட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'ராஜா' என்றால் மனம் ஒட்டுவதில்லை. ஒரு ஜெபக்கூட்டத்தில், "முதலில் இரட்சகராக ஏற்றுக்கொள்ளுங்கள், ராஜாவாக ஏற்பது வளர வளர வரும்" என்றார்கள். வேறொரு இடத்தில், "ராஜாவின் பிள்ளைக்கு வியாதி வராது" என்றார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போடுகிறோம். எதை நம்புவது? ராஜாவாக ஏற்பது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு போதனைகளும் சரியில்லை. முதலாவது, சிலுவையை வைத்துக்கொண்டு சிங்காசனத்தைத் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது, சிங்காசனத்தைப் பிடித்துக்கொண்டு சிலுவையை மறந்துவிடுகிறது.

லூக்கா 23-ல் வரும் கள்ளனைப் பாருங்கள். அவன் பக்கத்தில் சிலுவையில் தொங்குகிற இயேசுவுக்குப் படை இல்லை, உடுப்புகூட இல்லை. 'யூதருடைய ராஜா' என்று எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மொழிகளில் எழுதி மாட்டிய பலகை மட்டும் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் அதை வைத்தே பரியாசம் பண்ணினார்கள். அவனோ, "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்றான். சாகிறவரிடம் ராஜ்யத்தைக் கேட்டான். இரட்சகரும் ராஜாவும் அவனுக்கு ஒரே வேளையில் ஒருவராகவே தெரிந்தார்கள். அவனுக்குப் 'பிறகு' என்று ஒரு நாள் இருக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியவர் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், ஆண்டு 1925. முதல் உலகப்போர் முடிந்து, தேசத்தையும் தலைவனையும் தெய்வமாக்கும் அரசியல் ஐரோப்பாவில் தலைதூக்கிய காலம் அது. இன்று அந்த விழாவுக்கான நற்செய்தி வாசகம் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறி வருகிறது. அதில் ஓராண்டு வாசிப்பது இந்தக் கள்ளனின் பகுதியைத்தான். அரசருக்கான விழாவில் சிலுவைக் காட்சியை வைத்தது எவ்வளவு பொருத்தம்!

சிலுவை இல்லாத ராஜாவை இயேசுவே மறுத்தார். ஐயாயிரம் பேர் அப்பம் தின்று திருப்தியடைந்ததும் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள். அவர் விலகி மலைக்குப் போய்விட்டார் (யோவான் 6:15). "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்ட சீஷன் பேதுரு, பாடுகளைப் பற்றிக் கேட்டதும் அவரைக் கடிந்துகொண்டான். அவனுக்குக் கிடைத்தது "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்ற பதில். மாற்கு 8-ல் இந்த இரண்டுக்கும் நடுவில் சில வசனங்கள்தான் இருக்கின்றன.

சரி, முதல் போதனைக்கு வருவோம். மதுரைப் பக்கம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" வசனம் தொங்குகிறது. அது மத்தேயு 11:28. அடுத்த வசனம் "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்று போகிறது. அதை மாட்டியவர்கள் குறைவு. இளைப்பாறுதல் இரண்டிலும் வருகிறது. பாரத்தை இறக்குகிறவரே நுகத்தையும் வைக்கிறார். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் தவணைக்கு விட முடியாது.

நடைமுறைக்கு வருகிறேன். இயேசுவின் மலைப்பிரசங்கம், மத்தேயு 5 முதல் 7 வரை, 111 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்த வசனத்தில் "இது நமக்கு இல்லை" என்று கண் தாண்டுகிறதோ, அதில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரே ஒரு வசனம் போதும். அந்த வாரத்துக்குள் அதைச் செய்யுங்கள். இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: "இனி அன்பாக இருப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பது. அது ஞாயிற்றுக்கிழமையோடு கரைந்துபோகும். யாரிடம் போகிறேன், எவ்வளவு திருப்பித் தருகிறேன், என்றைக்கு என்று தெளிவாக இருக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு அப்படித்தான் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு. அவன் திருந்திய பிறகு இயேசு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் வீட்டுக்கு வந்ததால்தான் அவன் கை திறந்தது.

நம் ஊரில் இந்தக் கேள்வி கந்துவட்டியிலும் கல்யாணப் பேச்சிலும் வந்து நிற்கும். 'கிறிஸ்தவப் பெண் தேவை' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சாதியையும் போடுகிற விளம்பரங்கள் இன்னும் வருகின்றன. பெரிய வெள்ளிக்கு அழுத கண்ணோடு அந்த வரியை எழுத முடிகிறதென்றால், அந்த வீட்டில் ராஜா வேறு யாரோ. இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன், சொல்லியே ஆகவேண்டும்.

கீழ்ப்படிவதில் தவறினால் இரட்சிப்பே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் திபேரியா கடற்கரையில் இயேசு, தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். மன்னிப்பும் கட்டளையும் ஒரே வாயிலிருந்து வந்தன.

அம்மாவின் விஷயம். ராஜாவின் பிள்ளைக்கு வியாதி வராது என்றால் அப்போஸ்தலன் பவுலின் உடன் ஊழியர்களை எங்கே வைப்பது? துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். கிடைத்தது கிருபை, முள் போகவில்லை. சுகத்துக்காக ஜெபியுங்கள், தாராளமாக ஜெபியுங்கள். ஆனால் விசுவாசத்தின் பேரில் யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். வியாதி வராது என்று சொன்ன கூட்டத்துக்கு அம்மாவைத் தனியாக அனுப்பவும் வேண்டாம்.