கைமுறை ரீப்ரீதரா, மின்னணு ரீப்ரீதரா?

வணக்கம். புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து ஃபைபர் படகில் சென்று முழுகுவதாகவும், 60 மீட்டர் ஆழப் பயிற்சிக்கு முன் மின்னணு ரீப்ரீதர் வாங்குவதா, கைமுறை ரீப்ரீதர் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். நாம் வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து, ஆக்சிஜன் சேர்த்து மீண்டும் சுவாசிக்கத் தரும் கருவிதான் ரீப்ரீதர்.

மின்னணுக் கருவியில், ஆக்சிஜனின் பகுதியழுத்தம் (சுவாசிக்கும் கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம்) நாம் வைத்த அளவுக்கு, பெரும்பாலும் 1.3 பார் என்ற அழுத்த அளவுக்கு, கீழே இறங்கியவுடன் மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு தானே திறந்து ஆக்சிஜனைச் செலுத்தும். கைமுறைக் கருவியில் ஒரு நுண்துளை வழியாக உடலின் தேவைக்குச் சற்றுக் குறைவான ஆக்சிஜன் இடைவிடாமல் வர, மீதியை நீங்களே பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து அந்தத் துளைக்கு வாயுவைத் தரும் ரெகுலேட்டரின் அழுத்தம் ஆழத்தோடு உயராது, நீரின் அழுத்தமோ உயரும் என்பதால் இதற்கு ஓர் ஆழ எல்லை உண்டு. 60 மீட்டருக்கு அது பொதுவாகத் தடையாகாது.

ஆனால் இரண்டிலும் உயிர் தொங்குவது ஆக்சிஜன் உணரிகளில்தான். வழக்கமாக மூன்று இருக்கும். ஒரே தயாரிப்புத் தொகுதியைச் (batch) சேர்ந்த இரண்டு ஒன்றாகப் பழுதானால், சரியாகக் காட்டும் மூன்றாவதையே கருவி பொய்யென ஒதுக்கிவிடக்கூடும். வெப்பம் அவற்றின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், நம் ஊர் மே மாத வெயிலில் நிற்கும் காரில் கருவியை விட்டுவைக்காதீர்கள்.

வெளிவிடும் மூச்சு தங்கும் மூச்சுப்பை முதுகில் இருந்தால் மார்புப் பக்கம் தடையின்றி இருக்கும். குப்புற நீந்தும்போது மட்டும் மூச்சை உள்ளிழுப்பது சற்றுக் கடினம்.

பழுதுபார்ப்பவர் அருகில் இல்லாத நிலையில், நானாக இருந்தால் கைமுறைக் கருவியையே வாங்குவேன். எதை வாங்கினாலும், அடியாழத்திலிருந்து மேலே வரப் போதுமான வாயு உள்ள, கருவி பழுதானால் சுவாசிக்க உதவும் அவசரச் சிலிண்டருக்குப் படகில் முதலில் இடம் பாருங்கள்.