கட்டியை எடுத்த மறுநாளே சர்க்கரை ஏறுவது ஏன்?

ஆய்வு மாணவர் ஒருவர் கேட்கிறார்: "இன்சுலின் சுரக்கும் கட்டியை எலிகளின் தோலுக்கடியில் வளர்த்தோம். ரத்தச் சர்க்கரை 40-க்கு இறங்கியது. கட்டியை எடுத்த மறுநாள் 300-ஐத் தாண்டிவிட்டது. கணையம் கெட்டுவிட்டதா? இன்சுலின் போடலாமா?"

பதறாதீர்கள், அவசரப்பட்டு இன்சுலினும் போடாதீர்கள். கட்டி இருந்தது தோலுக்கடியில், கத்தி கணையத்தின் பக்கமே போகவில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் எலியின் சொந்த பீட்டா செல்கள் தூங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

சர்க்கரை ஏறினால்தான் நல்ல பீட்டா செல் இன்சுலினை விடும், இறங்கினால் நிறுத்திவிடும். கட்டிச் செல்லுக்கு இந்தக் கணக்கு கிடையாது. 1977-ல் விவரிக்கப்பட்ட, கதிர்வீச்சால் எலியில் உண்டான கட்டியிலிருந்து வந்த ஆர்ஐஎன் செல்கள், சர்க்கரை அடிமட்டத்தில் இருக்கும்போதும் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் சர்க்கரை தாழ்ந்தே கிடந்தால் கணையத்தின் பீட்டா செல்களுக்கு வேலையில்லை. இன்சுலின் தயாரிப்பையே குறைத்துக்கொண்டு சுருங்கிப்போகின்றன. கட்டி இருக்கும்போதே ஒரு எலியின் கணையத்தை வெட்டி இன்சுலின் சாயம் ஏற்றிப் பாருங்கள், பீட்டா செல்கள் கூடியிருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் வெளிறித் தெரியும். அப்புறம் திடீரென்று கட்டியை எடுத்தால், அவை விழித்துக்கொள்ளும் வரை சர்க்கரை ஏறத்தானே செய்யும்? மனிதர்களிடமும் இந்த அறுவைக்குப் பிறகு சில நாள் இப்படி ஏறுவதுண்டு.

இன்சுலினுக்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் எதிர்ப்பக்க ஹார்மோன்களையும் மறக்காதீர்கள். சர்க்கரை விழும்போது குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிகோஸ்டிரோன் மூன்றும் ஏறும் (மனிதரில் கார்ட்டிசால் செய்யும் வேலையை எலியில் கார்ட்டிகோஸ்டிரோன்தான் செய்கிறது, அதனால் எலிக்குக் கார்ட்டிசால் அளந்து பயனில்லை). ஆனால் திரும்பத் திரும்ப விழுந்தால் இந்த எச்சரிக்கை மணியும் மங்கிவிடும். எலி சாதாரணமாக நடமாடுகிறதே என்று நம்பி இரவு முழுக்கப் பட்டினி போட்டால், காலையில் வலிப்பிலோ செத்தோ கிடக்கும். கட்டியுள்ள எலியைப் பட்டினி போடவே கூடாது என்பேன். போட்டே ஆக வேண்டுமென்றால் பகலில் சில மணி நேரம் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், குளுக்கோஸ் கரைசலும் கைவசம் இருக்க வேண்டும்.

இப்போதைக்குத் தீனியும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். சர்க்கரையையும் எடையையும் தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள். சில நாட்களில் இறங்க வேண்டும். இறங்காமல் எடையும் குறைந்தால் விலங்குக்கூட மருத்துவரிடம் காட்டுங்கள். வால் நுனியில் சொட்டு எடுக்கும்போது எலியை நெடுநேரம் இறுக்கிப் பிடிக்காதீர்கள், அந்தப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும்.