இரட்சிப்பின் நிச்சயம்: கேள்வி பதில்

இரட்சிப்பின் நிச்சயம், அதாவது தான் மீட்கப்பட்டவன் என்ற உறுதி, குறித்து வந்த கேள்விகளில், பலர் ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சிறுவயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் என்னை ஒப்புக்கொடுத்தேன். எந்த நாள் என்று நினைவில்லை. மறுபடி பிறந்த தேதியைச் சொல்லத் தெரியாதவன் மறுபடி பிறக்கவேயில்லை என்கிறார் எங்கள் போதகர். அப்படியானால் நான் யார்?

சகோதரரே, வேதம் யாரிடமும் அந்தத் தேதியைக் கேட்கவில்லை. பவுலுக்குத் தமஸ்கு வழியில் கிறிஸ்துவைச் சந்தித்த நாள் இருந்தது, உண்மைதான். ஆனால் அவர் மகனைப்போல் நேசித்த தீமோத்தேயுவின் மனந்திரும்புதலுக்கு எந்த நாளும் குறிக்கப்படவில்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவரிடமும் இருந்தது, சிறுவயதுமுதல் வேத எழுத்துக்களை அறிந்திருந்தார் என்று மட்டுமே வாசிக்கிறோம்.

தேதி தெரிந்தவர்களுக்கும் அது போதவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில் தம் உள்ளம் அனல்கொண்டதாகவும், தம் பாவங்களைக் கிறிஸ்து நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்ததாகவும் எழுதினார். அதே வெஸ்லி 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு நாளின் நினைவால் ஒரு வாழ்நாளைத் தாங்க முடியாது.

சிறையிலிருந்து பவுல் எழுதியதைப் பாருங்கள்: "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்." எப்போது விசுவாசித்தேன், எவ்வளவு உறுதியாக விசுவாசித்தேன் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. இன்று நீங்கள் யாரை நம்பியிருக்கிறீர்கள்? உங்கள் போதகர் உங்களிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுதான்.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன், அண்ணா. ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். தேவன் என்னைக் கைவிட்டிருப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, பேதுரு இயேசுவை மறுதலித்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்பே இயேசு அவரிடம் சொன்னதைக் கவனி: "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." சேவல் கூவுவதற்கு முன்பே, பேதுரு விழப்போவதை அறிந்திருந்தும், அவருக்காக ஜெபித்து முடித்திருக்கிறார். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் கேட்டதும் "இனி இப்படிச் செய்வாயா?" என்றல்ல, "என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டார். பேதுரு துக்கப்பட்டார், ஆனாலும் ஓடிப்போகவில்லை.

விழுந்த பிறகு நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்பதைப் பார். பாவத்தில் சுகமாகக் குடியிருந்துகொண்டு, "எனக்கு இரட்சிப்பு உண்டு, கவலையில்லை" என்பவனுக்கு நான் ஆறுதல் சொல்லமாட்டேன். யோவானின் முதல் நிருபமும் சொல்லாது. நீயோ அழுதுகொண்டு அவரிடமே வருகிறாய். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்றவர், எத்தனையாவது முறை வருகிறவன் என்று வரம்பு வைக்கவில்லை. ஆனால் தனியாகப் போராடாதே. நம்பிக்கைக்குரிய முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் இன்றே பேசு. ஒளித்துவைத்த பாவத்துக்குப் பலம் அதிகம்.

கேள்வி: "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்ற மத்தேயு 7ஆம் அதிகார வசனம் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இந்தப் பயத்தோடு எழுதியவர்களே அதிகம். நியாயத்தீர்ப்பு நாளில் இயேசு இப்படிச் சொல்லும் அந்த மனிதர்கள் எதை முன்வைக்கிறார்கள் என்று பாருங்கள்: தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம். எல்லாம் அவருடைய பெயரில் நடந்தவை. ஆனால் தங்கள் செயல்களின் பட்டியலைத் தவிர, அவரைப்பற்றிச் சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை, வாழ்க்கையிலோ அக்கிரமம். ஊழியம் செய்பவர்கள்தான் இந்த வசனத்தைக் கண்டு முதலில் நடுங்கவேண்டும். தன்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்று அறிந்து, இயேசுவின் உவமையில் வரும் ஆயக்காரனைப்போல் (வரி வசூலிப்பவன்) "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று நிற்பவரைத் துரத்துவதற்காக இது சொல்லப்படவில்லை.

கேள்வி: அந்நிய பாஷை (ஆவியின் வரமாகப் பேசும், கற்றறியாத மொழி) பேசாதவருக்கு இரட்சிப்பு இல்லையா?

"எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12இல் பவுலே கேட்கிறார். இல்லை என்பதுதான் அங்கே பதில்.

கேள்வி: பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

திருச்சபை இதில் ஒருமனப்படவில்லை. 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் டார்ட் சங்கம், மெய்யான விசுவாசிகளை தேவன் முடிவுவரை காப்பார் என்றது. வெஸ்லியின் வழிவந்தவர்கள், விலகிப்போக முடியும் என்று எபிரெயர் 6ஐக் காட்டுவார்கள். விசேஷ வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் முடிவுவரை நிலைத்திருப்பார் என்று முழு உறுதியாக அறிய முடியாது என்று 1547இல் திரெந்து சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. நான் முதல் தரப்பில் நிற்கிறேன். தம் ஆடுகளை "ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" என்ற வாக்கை என்னால் சுருக்க முடியவில்லை. ஆனால் மற்றவர்களையும் நேசிக்கிறேன். இன்று கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டிரு என்று சொல்வதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

கேள்வி: பல மாதங்களாக ஜெபத்தில் எதையும் உணரவில்லை. எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் இல்லை. ஆவியானவர் என்னைவிட்டுப் போய்விட்டாரா?

சகோதரி, முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை பெறுவது அவிசுவாசம் அல்ல.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரைப்பற்றிச் சொல்கிறேன். இன்றும் சபைகள் பாடும் பாடல்களை எழுதியவர். கடுமையான மனநோயால் வாடி, 1773 முதல் தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். அந்த இருளிலேயே 1800இல் இறந்தார். அவருடைய நண்பர் ஜான் நியூட்டன் அவரை அவிசுவாசி என்று ஒதுக்கவில்லை. நானும் ஒதுக்கமாட்டேன். உணர்வு மங்கிய மனிதனைக் கிறிஸ்து விட்டுவிடுவார் என்றால், நம்மில் யாரும் மிஞ்சமாட்டோம்.

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது இருளில்தான் முடிகிறது, விடியல் வருவதில்லை. ஆனாலும் முதல் வரியில் தேவன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கப்படுகிறார். சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால், உங்களை நேசிக்கும் ஒருவரை அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்கவேண்டாம். உடனே யாரையாவது அழையுங்கள்.