கொழுப்பு வரி கேட்டு மனு எழுதுகிறீர்களா? எதன் மீது, எவ்வளவு என்று கேட்பது?

கேள்வி: மதுரையில் எங்கள் நுகர்வோர் மன்றத்தின் சார்பில், சிப்ஸ், மிக்சர், பர்கர் போன்ற கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களுக்குத் தனி வரி போடும்படி முதலமைச்சருக்கு மனு கொடுக்க இருக்கிறோம். டென்மார்க்கிலும் கேரளத்திலும் இப்படி வரி போட்டுக் கைவிட்டதாகச் சொல்லி உறுப்பினர்கள் சிலர் தயங்குகிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா? எந்தப் பண்டத்துக்கு, எத்தனை சதவீதம் கேட்கலாம்?

பதில்: பலன் உண்டு. ஆனால் வரியை எதன் மீது வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். அதற்கு முன்னால் மனுவின் முகவரியைச் சரிசெய்ய வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு எந்த மாநிலமும் உணவுப் பண்டத்துக்குத் தனியாக விற்பனை வரி போட முடியாது. கேரளம் 2016-ல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சா, டோனட் வகைகளுக்கு 14.5% வரி விதித்தது. அது ஓராண்டுக்குள் ஜிஎஸ்டியில் கரைந்துபோனதற்குக் காரணம் இதுதான். கேரளத்து மக்கள் அதை நிராகரித்தார்கள் என்று யாராவது சொன்னால் அது தவறான தகவல்.

வரி விகிதத்தை முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே தமிழ்நாடு தனியாக எதையும் சாதிக்க முடியாது. ஆனால் கவுன்சிலில் கோரிக்கையை வைக்க முடியும். கவுன்சிலில் நம் பிரதிநிதி மாநில நிதியமைச்சர்தான். மனுவை அவர் பெயருக்கு எழுதி, முதலமைச்சருக்கு நகல் கொடுங்கள்.

இனி டென்மார்க். 2011 அக்டோபர் 1 முதல் அங்கே ஒரு கிலோ நிறைவுற்ற கொழுப்புக்கு (வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பு வகை) 16 குரோன் (டென்மார்க் நாணயம்) வரி. 100 கிராமில் 2.3 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு உள்ள இறைச்சி, பால் பொருள்கள், எண்ணெய், வெண்ணெய் எல்லாம் அதில் அடங்கின. குடிக்கும் பாலுக்கு விலக்கு. வெண்ணெயில் பாதிக்குச் சற்று மேல் நிறைவுற்ற கொழுப்பு. கால் கிலோ பாக்கெட்டில் சுமார் 130 கிராம் வரும். அதற்கு வரி 2.08 குரோன், அதன் மேல் 25% மதிப்புக் கூட்டு வரியும் சேர, விலை சுமார் 2.60 குரோன் ஏறியது.

மக்கள் கொழுப்பைக் குறைத்தார்களா? குறைத்தார்கள். பிறகு வந்த ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பு நுகர்வு சுமார் 4% குறைந்ததாகக் கணக்கிட்டது. வரி நீடித்திருந்தால் ஆண்டுக்கு 123 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. சிறிய நாட்டில் இது அற்பமல்ல. ஆனால் அதே ஆய்வில், பெரும்பாலான பிரிவினர் உட்கொண்ட உப்பு கூடியிருந்தது. இதை மனு எழுதும்போது மறக்கக் கூடாது. ஒன்றை மட்டும் பிடித்து நசுக்கினால் ருசி வேறு வழி தேடிக்கொள்ளும்.

அந்த வரி 2013 ஜனவரி 1-ல் ரத்தானதற்கு உடல்நலக் கணக்கு காரணமல்ல. எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் போய் வாங்குகிறார்கள் என்ற புகார், ஒவ்வொரு பண்டத்துக்கும் கொழுப்பைக் கணக்கிட்டுப் பதியும் சுமையால் எழுந்த தொழில்துறை எதிர்ப்பு, கஜானாவை நிரப்பப் போட்ட வரி என்ற எண்ணம், எல்லாம் சேர்ந்துதான் அதை வீழ்த்தின.

இந்த டென்மார்க் முறையை அப்படியே கேட்டுவிடாதீர்கள். நம் சமையலறையில் அது யார் தலையில் விழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு, ஒரு கிலோ நிறைவுற்ற கொழுப்புக்கு ₹100 வரி என்று வைப்போம். தேங்காய் எண்ணெயில் 85 முதல் 90% வரை நிறைவுற்ற கொழுப்பு. லிட்டருக்கு ஏறக்குறைய ₹80 வரி. பாமாயிலுக்கு 38 முதல் 45 ரூபாய். நல்லெண்ணெய்க்கு ₹13, சூரியகாந்திக்கு ₹10 அளவில் நிற்கும். நெய்யும் தேங்காய் எண்ணெயும் வாங்கும் குடும்பம் முதலில் அடிபடும். அதே விகிதத்தில் ₹10 சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். 30 கிராம் சிப்ஸில் நிறைவுற்ற கொழுப்பு 4.5 கிராம் இருந்தால் வரி 45 பைசா. நீங்கள் எதைத் தடுக்க நினைத்தீர்களோ அது ஏறக்குறைய தப்பிவிடும்.

கலோரியை அளவுகோலாக வைத்தது மெக்சிகோ. 2014 முதல் அங்கே 100 கிராமில் 275 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் உள்ள, அத்தியாவசியமற்ற பண்டங்களுக்கு 8% வரி. முதல் ஆண்டில் அவற்றை வாங்குவது எதிர்பார்த்ததைவிட 5.1% குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் 10.2%. விலைக்கு மக்கள் அசைகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று இது. ஆனால் நம் ஊரில் இந்த அளவுகோலை வைத்தால் பாமாயிலில் பொரித்த சேவும் கடலை மிட்டாயும் ஒரே தட்டில் நிற்கும். அது நியாயமல்ல.

நாங்கள் பரிந்துரைப்பது கொலம்பியா பின்பற்றும் வழி. 2023 நவம்பரில் தொடங்கிய அந்த வரி, ஆலையில் அதிகமாகப் பதப்படுத்தப்பட்ட உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவை வரம்பைத் தாண்டினால் மட்டும் விழும். கொழுப்புக்கு வரம்பு, மொத்த கலோரியில் 10%. 10 சதவீதத்தில் தொடங்கி 2025-ல் 20% ஆக ஏறும்படி முன்கூட்டியே அறிவித்தார்கள்.

இந்த 10% வரம்பின் அருமை ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் தெரியும். 100 கிராமில் 550 கிலோகலோரி, கொழுப்பு 35 கிராம் என்று வையுங்கள். பாமாயிலில் பொரித்திருந்தால் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 கிராம். கிராமுக்கு 9 வீதம் 135 கிலோகலோரி, அதாவது மொத்தத்தில் 24 சதவீதத்துக்கும் மேல். அதையே சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் 4 கிராம். கணக்கு 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். எண்ணெயை மாற்றினால் வரியிலிருந்து தப்பலாம் என்ற வழி தெரிந்தால் ஆலைக்காரர் பக்குவத்தை மாற்றுவார். 2011-ல் உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களுக்கு வரி போட்ட ஹங்கேரியில் சுமார் 40% தயாரிப்பாளர்கள் அப்படித்தான் பக்குவத்தை மாற்றினார்கள். வாங்குபவர் மனம் மாறக் காத்திருப்பதைவிட இது வேகமான வழி. டென்மார்க்கின் அனுபவத்தை நினைத்து, உப்பின் அளவைக் காட்டும் சோடியத்துக்கும் ஒரு வரம்பு கேளுங்கள். கொலம்பியாவில் அது 100 கிராமுக்கு 300 மில்லிகிராம்.

இப்போது சதவீதம். ஜிஎஸ்டி மதிப்பின் மேல் போடும் வரி. கொழுப்பின் எடைக்கு வரி அதில் பொருந்தாது. ஆனால் ஒரே பண்டத்துக்கு வரம்பு வைத்து இரண்டு விகிதம் போடுவது புதிதல்ல. காலணி ₹2,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18%. இதை முன்னுதாரணமாகக் காட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மிக்சர், சேவு போன்ற காரவகைகள் 12 சதவீதத்திலிருந்து 5-க்கும், பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் 18-லிருந்து 5-க்கும் இறங்கியுள்ளன. குளிர்பானத்துக்கு மட்டும் 40%. சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரு நீதி, பாமாயில் நொறுக்குக்கு வேறு நீதி என்பது பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் சரியல்ல. மனுவில் இதை அழுத்தமாகவே சொல்லலாம். வரம்பைத் தாண்டும் பாக்கெட் பண்டத்துக்கு 18%, தாண்டாததற்கு 5% என்று கேளுங்கள்.

அதன் விளைவு விலையில் தெரியாது, எடையில் தெரியும். ₹10 பாக்கெட்டில் 5% என்றால் வரி 48 பைசா. 18% என்றால் ₹1.53. நிறுவனம் பத்து ரூபாய் விலையை விடாது. வரி முழுவதையும் வாங்குபவர் மேல் ஏற்றினால் 30 கிராம் 27-க்குக் கீழே இறங்கும். ஏமாற்றுகிறார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதும். உடல்நல நோக்கில் அந்த மூன்று கிராமும் லாபம்தான். சுயஉதவிக் குழு முறுக்குக்கு இதனால் ஆபத்து வராது. ஆண்டு விற்றுமுதல் ₹40 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவுக்குள்ளேயே வருவதில்லை. இதையும் மனுவில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு வரி கேட்க வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளிலும் அவை சேர்ந்த உணவுகளிலும் அதற்கு 2% உச்சவரம்பு இருக்கிறது. விஷத்துக்கு வரம்புதான் சரியான கருவி, விலை அல்ல. பலமுறை காய்ச்சிய பஜ்ஜிக்கடை எண்ணெயும் அப்படியே. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் சேரும் சிதைவுப் பொருள்கள் (மொத்த முனைவுச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். அதைக் கருவியை எண்ணெயில் வைத்தே அளந்துவிடலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் சோதனை கேளுங்கள்.

கவுன்சில் முடிவெடுக்க எத்தனை கூட்டம் ஆகுமோ, அதுவரை கையில் உள்ள சட்டம் ஒன்று இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி உணவகத்திலோ, வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்கின்றன பள்ளி உணவு பற்றிய 2020-ம் ஆண்டு விதிமுறைகள். ஒரு பள்ளி வாசலில் அளவுநாடாவுடன் நின்று பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும். கடையின் தூரம், தேதி, விற்ற பாக்கெட்டின் பின்பக்கப் படம் மூன்றையும் சேர்த்து அதே நியமன அலுவலருக்குப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

அந்தப் படங்களே வரி மனுவுக்கும் இணைப்பாகும். உங்கள் தெருவில் அதிகம் விற்கும் பத்துப் பாக்கெட்டுகளை எடுத்து, 100 கிராமுக்கு உரிய கலோரி, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நிறைவுற்ற கொழுப்பை 9-ஆல் பெருக்கிக் கலோரியால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று அச்சிட்ட கட்டத்தைத் தவறியும் எடுக்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அந்தப் பரிமாறல் அளவு மாறும், ஒப்பீடே குலைந்துவிடும்.